வயலுக்கு விடாத வேளாண் பயிற்சி: உயர் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் வேளாண்மை, உணவு, திட்டமிடல் சார்ந்த அரசு அலுவலகங்களில் பல்கலைக்கழக மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கும் இயக்குநர்கள், இணை இயக்குநர்கள், பிரிவுத் தலைவர்கள் அனைவருக்கும்,

அடுத்த அணி இன்டர்ன்களைச் சேர்ப்பதற்கான அறிவிப்பு எங்கள் துறைத் தலைவர் மேசைக்கு வந்திருக்கிறது. சென்ற கோடையில் நான் பயிற்சி முடித்த அதே அலுவலகம் அனுப்பியது. உதவித்தொகை கிடையாது, பயணப்படி கிடையாது, மடிக்கணினியை மாணவரே கொண்டுவர வேண்டும். இவை பழைய நிபந்தனைகள். இந்த முறை புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: பயிற்சி முழுவதும் அலுவலகப் பணியாக மட்டுமே இருக்கும், களப் பயணங்களுக்கு அனுமதி இல்லை. இதை எழுத வைத்தது அந்த வரிதான். மற்றவற்றையும் அதோடு சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

அலுவலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. என் ஜூனியர்கள் அங்கே விண்ணப்பிக்க இருக்கிறார்கள், அவர்களுக்கு என்னால் சிக்கல் வரக்கூடாது. அதோடு, வேறு அலுவலகங்களுக்குப் போன நண்பர்களிடம் கேட்டால் மேசை மட்டும்தான் மாறுகிறது, கதை அதேதான். அதனால் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்.

நான் முதுகலைப் பொருளாதாரம் படிக்கிறேன். சொந்த ஊர் திருவாரூர் மாவட்டம். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் சாகுபடி செய்பவர். வேளாண் கொள்கை சார்ந்த அலுவலகத்தில் இடம் கிடைத்தது என்று சொன்னதும் அவர் சொன்னது ஒன்றுதான்: "கொள்முதல் நிலையத்துல நெல்லை ஏன் இத்தனை நாள் போட்டு வைக்கிறாங்கன்னு கேட்டுட்டு வா." கேட்டுக்கொண்டு வர முடியவில்லை. பதில் தெரிந்தவர்களின் அறை எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

எங்களுக்குக் கிடைத்த வேலையைச் சொல்கிறேன். தொடக்கத்தில், வானவில் எழுத்துருவில் இருந்த பழைய கோப்புகளை, எல்லாக் கணினியிலும் படிக்கக்கூடிய யூனிகோடுக்கு மாற்றினோம். யூனிகோடை ஏற்று தமிழ்நாடு அரசு 2010இலேயே ஆணை போட்டுவிட்டது, கோப்புகள் இன்னும் வந்துசேரவில்லை. கன்வர்ட்டரில் போட்டால் அட்டவணை குலைந்துவிடும், பிறகு கட்டம் கட்டமாகக் கையால் சரிசெய்ய வேண்டும். துறைக்கான நிதியைச் சட்டமன்றத்தில் கேட்கும் மானியக் கோரிக்கை நேரத்தில், அதோடு வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பின் மெய்ப்புகளைப் பார்க்கக் கொடுத்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு துறை வருடம் முழுக்க என்ன செய்கிறது, எதற்கு எவ்வளவு ஒதுக்குகிறது என்பதை வரி வரியாகப் படிக்க முடிந்தது. ஆனால் ஓர் எண் போன வருடத்தைவிட ஏன் குறைந்திருக்கிறது என்று கேட்டால், "ஸ்பெல்லிங் மட்டும் பாரும்மா" என்றார்கள்.

அப்புறம் ஃபோன் வேலை வந்தது. நிவாரணமோ மானியமோ வங்கிக் கணக்கில் ஏறாமல் திரும்பிவந்த விவசாயிகளின் பட்டியல் எக்செல் கோப்பாக எங்களிடம் தரப்பட்டது. பெயர், கிராமம், ஆதார் எண், கணக்கு எண், கைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, கணக்கு எண் சரிதானா, வங்கிகள் இணைந்ததில் ஐ.எஃப்.எஸ்.சி. கோடு மாறிவிட்டதா, கணக்கு முடங்கிக் கிடக்கிறதா என்று கேட்டுத் திருத்த வேண்டும். தேவையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் கூப்பிட்டது எங்கள் சொந்த எண்களிலிருந்து. முன்பின் தெரியாத எண்ணில் ஒரு பெண் பேசி, "உங்க அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்க" என்றால் யார் சொல்வார்கள்? ஓ.டி.பி. மோசடி பற்றி அரசே ஊர் ஊராக எச்சரித்து வைத்திருக்கிறது. பலர் திட்டிவிட்டு வைத்தார்கள். அவர்கள் செய்ததுதான் சரி. "கலெக்டர் ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டா நம்புவேன். நீ யாரு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நான் யார் என்று காட்ட எனக்கே ஓர் அடையாள அட்டை கிடையாது. தினமும் வாசலில் பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம்.

நம்பிப் பேசியவர்களின் நிலைமை இன்னும் மோசம். என் எண் அவர்களிடம் இருக்கிறது, இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள். "ஏம்மா, அன்னைக்கு எழுதிக்கிட்டியே, பணம் இன்னும் ஏறலையே" என்கிறார் ஓர் அம்மா. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள் என்று சொன்னால், "அங்க போனா சென்னையிலதான் நிக்குதுங்கறாங்க, நீ சென்னைதானே?" என்கிறார். அவரைப் பொறுத்தவரை அரசாங்கம் என்றால் என் குரல்தான். எனக்கோ அந்தக் கோப்பு இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் அடங்கிய அந்தப் பட்டியல் பென் டிரைவில் எங்கள் சொந்த மடிக்கணினிகளுக்கு வந்தது. பயிற்சி முடிந்து கிளம்பும்போது அதை அழித்துவிட்டீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அழித்தேன். மற்றவர்கள் அழித்தார்களா, எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று நாடாளுமன்றம் 2023இல் ஒரு சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. சம்பளமும் இல்லாத, அடையாள அட்டையும் இல்லாத மாணவர்களின் கணினியில் ஒரு மாவட்டத்து விவசாயிகளின் கணக்கு விவரங்களை ஏற்றி அனுப்புவதை யார் அனுமதித்தார்கள்?

பிரிவில் இருந்தவர்கள் யாரும் எங்களிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. கண்காணிப்பாளர் அம்மா மதியம் தன் டிபன் பாக்ஸைத் திறந்தால் எங்களுக்கும் சேர்த்துத்தான் திறப்பார். கடைசி நாளன்று அவர் சொன்னார்: "செக்‌ஷன்ல இருக்க வேண்டிய ஆளுங்கள்ல பாதிப் பேருதான் இருக்கோம். நீங்க வந்ததாலதான் இந்த வருஷம் மூச்சு விட்டோம்." அவர் நன்றியாகத்தான் சொன்னார். ஆனால் நிரப்பப்படாத பணியிடங்களின் வேலையைப் பயிற்சி என்ற பெயரில் எங்களிடம் வாங்கியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நேரான வாக்குமூலம் வேண்டியதில்லை.

இனி பணத்துக்கு வருகிறேன். இதைப் பேசக் கூச்சப்பட்டுப் பட்டுத்தான் இந்த நிலை வந்தது.

மாணவர்களுக்குப் பணம் தருவது இந்த அரசுக்குப் புதிதில்லை. இளங்கலை படிக்கும்போது புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் 1,000 ரூபாய் வந்தது. புத்தகமும் தேர்வுக் கட்டணமும் அதில்தான் ஓடின. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் ஓர் ஆய்வாளருக்கு மாதம் 65,000 ரூபாயும் கூடுதல் படியாக 10,000 ரூபாயும் தரப்படுகிறது. அவர்களும் அரசுத் துறைகளோடுதான் வேலை செய்கிறார்கள். டெல்லியில் வெளியுறவு அமைச்சகம் தன் இன்டர்ன்களுக்கு மாதம் 10,000 ரூபாய் தருகிறது. 2024இல் வந்த பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தில், தனியார் நிறுவனத்தில் பயிற்சி பெறுபவருக்கே தொடக்கத்திலேயே மாதம் 5,000 ரூபாய், அதில் 4,500 அரசுப் பணம். ஆக, தனியார் கம்பெனியில் கற்றுக்கொள்ள அரசு பணம் தரும், அரசு அலுவலகத்தில் அரசு வேலையைச் செய்தால் தராது. இந்தக் கணக்கு பொருளாதாரம் படிக்கும் எனக்கே புரியவில்லை.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டிலுக்கு என்ன வாடகை என்று உங்கள் அலுவலக உதவியாளரைக் கேட்டாலே சொல்வார். எனக்காவது சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை, பையன்களுக்கு அதுவும் கிடையாது. என் வகுப்புத் தோழன் ஒருவன் திருவண்ணாமலைப் பக்கம். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர், அவனும் விடுமுறையில் அதே வயல்களில் கூலிக்கு நின்றவன். நேர்காணலில் தேர்வானான். கல்லூரி விடுதியை விடுமுறையில் மூடிவிடுவார்கள், வெளியே அறை எடுக்கப் பணமில்லை, கோடையில் சம்பாதித்தால்தான் அடுத்த பருவக் கட்டணம் கட்ட முடியும். வரவில்லை. அந்த இரண்டு மாதமும் அவன் உணவு டெலிவரி செய்தான். அவன் இடத்துக்கு நகரத்திலேயே வீடுள்ள ஒரு மாணவர் வந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, நல்ல பையன், எக்செல்லில் பிவட் டேபிள் போட எங்கள் எல்லோருக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அட்டவணையில் குறுவை, சம்பா, தாளடி என்று நெல் பருவங்களின் பெயர் இருந்ததைப் பார்த்து, மூன்றும் மூன்று நெல் ரகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு இந்த அனுபவச் சான்றிதழைக் காட்டி ஒரு கொள்கை ஆய்வு நிறுவனத்தில் சேரப்போவது அவர்தான். சம்பளமில்லாப் பயிற்சி யாரைச் சலித்து வெளியே கொட்டுகிறது என்பதை நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வயலை அறிந்த பிள்ளைகள்தான் முதலில் விழுகிறார்கள்.

இந்த நிலையில்தான் களப் பயணமும் வேண்டாம் என்கிறீர்கள்.

பாதுகாப்புக்காக என்று ஒருவர் விளக்கம் சொன்னார். 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்காக வேளாண் கல்லூரி மாணவ, மாணவிகளை வயல்களுக்கு அனுப்பினார்கள். கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த வேலைக்கு எதிர்ப்புத் தெரிவித்திருந்த நேரம் அது. மழைக்காலத்தில் புதரிலும் வரப்பிலும் பிள்ளைகளை அலைய விடுவதா என்று அரசியல் கட்சிகள் கேட்டன. அந்தக் கேள்வி நியாயமானது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? ஊழியர் செய்ய வேண்டிய வேலையை மாணவர் தலையில் கட்டாதே, அனுப்பினால் காப்பீடும் பொறுப்பான அலுவலரும் இல்லாமல் அனுப்பாதே என்பது. வேளாண் கொள்கை படிக்க வந்தவர்களை ஏ.சி. அறையில் உட்கார வை என்பது எப்படி அதிலிருந்து கிடைத்தது? வேளாண் பட்டப்படிப்பில் ஊரகப் பணி அனுபவம் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி, மாணவர்கள் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்கிறார்கள். பொருளாதாரமும் பொது நிர்வாகமும் சமூகவியலும் படிக்கும் நாங்கள்தான் பிற்காலத்தில் விலையையும் மானியத்தையும் பற்றி எழுதப்போகிறோம். அதிகம் பார்க்க வேண்டியவர்களுக்குத்தான் கதவை அடைக்கிறீர்கள்.

சென்னையில் வயல் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் வேளாண் கல்வி தொடங்கியதே இந்த ஊரில்தான். 1868இல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்த பள்ளிதான் 1906இல் கோயம்புத்தூருக்குப் போய், 1971இல் வேளாண் பல்கலைக்கழகமாக ஆனது. இன்றைக்கும் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் பொன்னேரியில் இறங்கி நெல்வயலில் நிற்கலாம். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அந்தச் சதுரத்து நெல்லை மட்டும் அறுத்து எடை போட்டு, இப்படிப் பல வயல்களில் எடுத்த எடையிலிருந்து ஒரு பகுதியின் விளைச்சலைக் கணக்கிடுகிறார்கள். பயிர்க் காப்பீட்டு இழப்பீடே பெரும்பாலும் அந்த எடையை வைத்துத்தான் முடிவாகிறது. ஒரே ஒரு முறை அந்த அறுவடைப் பரிசோதனையைக் கிட்டே நின்று பார்த்திருந்தால், நாங்கள் மெய்ப்புப் பார்த்த அட்டவணைகளின் அர்த்தமே மாறியிருக்கும். விடியற்காலையில் கோயம்பேட்டில் தக்காளிப் பெட்டி இறங்கும்போது விலை எப்படிப் பேசப்படுகிறது, செங்குன்றம் அரிசி ஆலைகளுக்கு நெல் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க ஒரு நாள் போதும். உங்களுக்கு ஆகும் செலவு ஒரு கடிதமும் ஒரு வேன் வாடகையும்.

பயிற்சி முடிவில் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் குத்தகை விவசாயியும் நேரடி நெல் கொள்முதல் நிலையமும் என்று எடுத்துக்கொண்டேன். 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விற்கப் போனால், நிலம் யாருடையது, என்ன பயிர் என்று காட்டும் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் எங்கள் பக்கம் பல குத்தகைகள் இன்னும் வாய்ப்பேச்சுதான். நிலக்காரர் கையெழுத்துப் போட மனம் வைத்தால் உண்டு. பிரதமரின் கிசான் திட்டத்தில் வருடத்துக்கு 6,000 ரூபாய் நிலம் வைத்திருப்பவருக்குப் போகிறது, உழுகிற குத்தகைதாரருக்கு இல்லை. குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு அடிப்படையான ஏ2+எஃப்.எல். செலவுக் கணக்கில் (கையிலிருந்து செய்த செலவும் குடும்பத்தார் உழைப்பின் மதிப்பும் சேர்ந்தது), உண்மையில் கொடுத்த குத்தகைத் தொகை சேரும். ஆனால் சொந்த நிலக்காரர்களையும் சேர்த்துச் சராசரி எடுப்பதால் அது கரைந்து காணாமல் போய்விடும். நிலத்தின் வாடகை மதிப்பை எல்லோருக்கும் சேர்க்கும் சி2 கணக்கைத்தான் விவசாயிகள் இத்தனை வருடமாகக் கேட்கிறார்கள். அப்புறம் ஈரப்பதம்: வரம்பு 17 சதவீதம், டெல்டாவில் குறுவை அறுவடை அக்டோபர் மழையில் மாட்டிக்கொள்கிறது, 22 சதவீதத்துக்குத் தளர்த்தச் சொல்லித் திரும்பத் திரும்ப டெல்லிக்குக் கடிதம் போகிறது, மத்தியக் குழு வந்து பார்ப்பதற்குள் குவியலில் முளை விடுகிறது.

இதையெல்லாம் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். "அந்த ஷெல்ஃப்ல வெச்சுட்டு சர்டிபிகேட் வாங்கிக்கோம்மா" என்றார்கள். முந்தைய அணிகளின் அறிக்கைகள் அங்கே ஸ்பைரல் பைண்டிங்கில் அடுக்கியிருந்தன. வரும் கடிதங்களைப் பதியும் பகிர்மானப் பதிவேட்டில் எண் போட்டு வாங்குவீர்களா என்று கேட்டேன். இன்டர்ன் ரிப்போர்ட்டுக்கெல்லாம் எண் கிடையாதாம். எண் இல்லாவிட்டால் அலுவலகத்தைப் பொறுத்தவரை அது ஆவணம் இல்லை, நாளை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யார் கேட்டாலும் அப்படி ஒன்று இல்லை என்றே பதில் வரும். நான் எழுதியதில் தவறுகள் இருக்கலாம். தவறு என்று ஒருவர் சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தந்திருந்தால் அதையே பயிற்சி என்று எடுத்துக்கொண்டிருப்பேன்.

"யாரும் கட்டாயப்படுத்தி வரச் சொல்லவில்லையே" என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு கிரெடிட் உண்டு, முடிக்காவிட்டால் பட்டம் நிற்கும். வேளாண் கொள்கையில் வேலை செய்ய நினைக்கும் ஒருவருக்கு உங்கள் அலுவலகங்களை விட்டால் போக்கிடமும் அதிகமில்லை.

நாங்கள் கேட்பது இவைதான். களப் பயணம் கிடையாது என்ற நிபந்தனையை அடுத்த அணி சேரும் முன் திரும்பப் பெறுங்கள். ஒவ்வோர் அணியையும் ஓர் அறுவடைப் பரிசோதனைக்கும் ஒரு கொள்முதல் நிலையத்துக்கும் ஒரு சந்தைக்குமாவது, காப்பீட்டோடும் ஓர் அலுவலரோடும் அனுப்புங்கள். மாதம் 5,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகைக்கு நிதித்துறைக்குக் கருத்துரு அனுப்புங்கள். அது அரசாணையாக வரும்வரை வெளியூர் மாணவர்களுக்கு அரசு விடுதியில் இடமும் பையன்களுக்குப் பேருந்துப் பாஸும் வாங்கித் தர உங்களால் முடியும். தேர்வு நடைமுறையை வெளிப்படையாக அறிவியுங்கள், விவசாயக் கூலி, குத்தகைக் குடும்பங்களிலிருந்து வருபவர்களுக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் அதில் முன்னுரிமை கொடுங்கள்.

விவசாயிகளை மாணவரின் சொந்த ஃபோனில் கூப்பிடச் சொல்வதை இன்றே நிறுத்துங்கள். அலுவலக எண், அலுவலகக் கணினி, ஓர் அடையாள அட்டை. இதுவரை வெளியே போன பட்டியல்கள் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டு, அழிக்கப்பட்டதை எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் பேசிய விவசாயிகளில் இன்னும் பணம் ஏறாதவர்களுக்கு அலுவலகத்திலிருந்தே ஒரு முறை கூப்பிட்டு நிலவரத்தைச் சொல்லுங்கள். என் ஃபோனுக்கு வரும் எண்களைத் தர நான் தயார்.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வழிகாட்டி அலுவலரின் பெயரும், செய்யவேண்டிய வேலையும் முதல் நாளே எழுத்தில் தரப்பட வேண்டும். அறிக்கைகளுக்கு எண் போட்டு, சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பி, ஒரு மாதத்துக்குள் இரண்டு வரியாவது பதில் எழுதுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஊதியம் இல்லாத பயிற்சியாளரையும் ஊழியராகவே கருதுகிறது. எங்களிடம் உள்ளகப் புகார்க் குழு என்று ஒன்று இருப்பதாகவே யாரும் சொல்லவில்லை. அதன் உறுப்பினர்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் சேர்க்கைக் கடிதத்திலேயே இருக்க வேண்டும்.

அறிவிப்பில் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் குறித்திருக்கிறீர்கள். அந்தத் தேதிக்கு முன் எங்கள் துறைத் தலைவருக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள். எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அதில் இருக்கட்டும். திருவண்ணாமலைத் தோழன் இந்த முறையும் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறான், உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் பூர்த்தி செய்வான்.

இப்படிக்கு,
பயிற்சி முடித்த ஒரு முதுகலைப் பொருளாதார மாணவி,
சென்னை